சந்தைக்கு எதைக் கொண்டு போவது?

சேலம், அம்மாபேட்டை
16.6.2024

அன்புள்ள தங்கை மாதம்மாளுக்கு,

பூபதி எழுதுகிறேன். பதினான்கு தடவை போன் அடித்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. மலைமேல் நம் அரியூர் நாட்டில் சிக்னல் கிடைக்காது என்று நீ சொல்லலாம். மணி அடித்து அடித்து ஓய்கிறதே, அதற்கு மட்டும் சிக்னல் எங்கிருந்து வந்தது? கடைசியில் தபால் ஆபீஸில் வரிசையில் நின்று இன்லண்ட் லெட்டர் வாங்கியிருக்கிறேன். இதை வாங்கிப் பதினைந்து வருடமாவது இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அருள்மொழியை பிசியோதெரபி கல்லூரியில் சேர்த்துவிட்டோம். முதல் வருடப் பணத்துக்கு உன் அண்ணி ரஞ்சிதாவின் சங்கிலியை அடகு வைத்தேன். அடுத்த வருடத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வேண்டும். வருகிற வருடம் ஜூன் கடைசிக்குள் கட்டாவிட்டால் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். அடகு வைக்க வீட்டில் இனி ஒன்றும் இல்லை. எனக்குச் சம்பளம் முப்பத்தெட்டாயிரம். அது இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆபீஸில் யார் முகத்தைப் பார்த்தாலும் கைமாற்று கேட்கத்தான் தோன்றுகிறது.

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் விட்டுப்போன அறுபது சென்ட் மிளகுத் தோட்டம் நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. பக்கத்துத் திருப்புலி நாட்டு ரமேஷ்குமார் நல்ல விலைக்குக் கேட்கிறார். பாதிப் பணம் உனக்கு. உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. உன் பிடிவாதத்துக்காக என் பெண்ணின் படிப்பை நிறுத்தச் சொல்கிறாயா? யோசித்து எழுது.

பூபதி


அரியூர் நாடு
24.6.2024

அண்ணனுக்கு மாதம்மாள் எழுதியது.

மணி அடித்தது காதில் விழுந்தது. நீங்கள்தான் என்றும் தெரிந்தது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுதுகொண்டே வைத்துவிடுவேன், அப்புறம் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. கடிதத்தில் கத்தினால் அது மலையேறி வர நான்கு நாள் ஆகும். அதற்குள் ஆறிப்போகும். இனிமேல் எதுவானாலும் எழுதுங்கள்.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று படித்ததும் நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று உங்கள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவரும் அதையேதான் வாசித்தார். அது என்ன படிப்பு என்று கேட்டேன். கைகால் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற படிப்பு என்றார். நம் வீட்டுப் பெண் ஒருத்தி அதைச் செய்யப் போகிறாளா அண்ணா? அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. மரவள்ளிக்குக் களை கொத்தப் போனவள் களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதைவிட இன்னொன்றைப் படித்து வாயைப் பிளந்தேன். மாதம் முப்பத்தெட்டாயிரம் வாங்கிக்கொண்டு இருபதாம் தேதி கைமாற்றா? பணத்தைப் பல்லி தின்கிறதா?

இங்கே இன்றைக்கும் யாரும் செம்மேட்டுச் சந்தைக்கு வெறுங்கையோடு போவதில்லை. அது உங்களுக்கு மறந்திருக்கும். ஒரு படி கடுகோ, நாலு சீப்பு வாழைப்பழமோ, கொஞ்சம் சாமையோ சுமந்துகொண்டு போகிறோம். அது என்ன விலைக்குப் போகிறதோ அந்தக் காசுக்குத்தான் உப்பு, எண்ணெய், சோப்பு. காசு தீர்ந்தால் துணிக்கடைப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறிவிடுவோம். வீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் அது அப்போதே கடைக்காரன் பணம். வாரத்தில் ஒரு நாள்தான் வாங்குவது. மற்ற ஆறு நாளும் இருப்பதை வைத்து ஆக்குவது.

ஒரு வருடம் நீங்களும் இப்படி இருந்து பாருங்கள். அடுத்த ஜூனில் பணம் சேரவில்லை என்றால் நானே செம்மேட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன். இதற்கு உங்கள் மாப்பிள்ளை சாட்சி. அதுவரைக்கும் அந்த ரமேஷ்குமாரை இந்தப் பக்கம் அனுப்பாதீர்கள். போன வாரம் தோட்டத்தில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நாயை அவிழ்த்துவிட்டேன்.

மாதம்மாள்


சேலம்
21.7.2024

மாதம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்கு வந்த கோபத்தில் கிழித்துப் போட்டிருப்பேன். நான் சந்தைக்கு எதைச் சுமந்துகொண்டு போவேன்? ஆபீஸ் பைலையா? இதை உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ரஞ்சிதா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு அருள்மொழியின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து, "எங்க போவுதுன்னு எழுதிப் பாப்போமுங்க, எழுதறதுக்குக் காசா பணமா?" என்றாள்.

எழுதினோம். போன ஒரு மாதச் செலவை எழுதியதற்கே எனக்குத் தலை சுற்றிவிட்டது. செல்போனில் தட்டி வரவழைத்த சாப்பாடு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். அதில் பாதி, நான் ஆபீஸிலிருந்து பசியோடு வரும்போது தட்டியது. கடையில் வாங்கிய இட்லி மாவுப் பாக்கெட் வீட்டில் இருந்த நாளில்கூடத் தட்டியிருக்கிறேன். யாரும் பார்க்காத இரண்டு சினிமாச் சந்தாவுக்கு மாதாமாதம் தானாகவே பணம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, அந்தக் கொஞ்சத்துக்காகத் தொகை எகிறிப்போகிறது. முப்பது யூனிட் குறைத்தால் போதுமாம். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றுவதை நிறுத்தினாலே அது குறைந்துவிடும் என்கிறாள். இருபது வருடமாக ஆபீஸில் ஊரார் பில்லையெல்லாம் சரிபார்க்கிறவன் நான். என் வீட்டுப் பில்லைத் திருப்பிப் பார்த்ததில்லை.

உன் சந்தைச் சட்டத்தையும் ரஞ்சிதா பிடித்துக்கொண்டாள். சம்பளத்திலிருந்து வாடகை, அரிசி, பருப்பு, கேஸ், பஸ் பாஸ். மீதி நேராக வங்கிக்கு. ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்கு, அந்த வாரம் வீட்டிலிருந்து எதையாவது விற்ற காசோடுதான் போக வேண்டும். அவள் பக்கத்து வீடுகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் சும்மா இருக்கக் கூடாதென்று, ஓரமாகக் கிடந்த அருள்மொழியின் சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் நானூறு ரூபாய்க்குப் போட்டேன். அவள் அதில்தான் தினமும் காலேஜ் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். இப்போது ஷேர் ஆட்டோவுக்குப் போக இருபது, வர இருபது. பத்தே நாளில் நானூறும் போய்விட்டது. தாயும் மகளும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பூபதி


அரியூர் நாடு
11.8.2024

அண்ணனுக்கு,

சைக்கிள் கதையைப் படித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. உங்கள் மாப்பிள்ளை முதுகில் தட்டினார். விற்கிற பொருள் வேறு, உழைக்கிற பொருள் வேறு என்பதை மலையில் பிறந்தவருக்கு யாராவது சொல்ல வேண்டுமா? நாங்கள் வாழைப்பழத்தை விற்போம், மண்வெட்டியை விற்போமா? ஆறு மாதத்துக்குள் வேறு பழைய சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோக்காரர் வீடு கட்டிவிடுவார்.

அண்ணி தைக்கிறார் என்று படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணமாகி வந்தபோது அவர் நாமக்கல்லில் வளர்ந்தவர், கீழ்நாட்டுப் பெண், நம்மோடு ஒட்டுவாரா என்று நானே சந்தேகப்பட்டேன். அவர் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது. அப்படியே சொல்லுங்கள்.

பக்கத்துப் பொன்னாயி வீட்டில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவும்போது உங்கள் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தப்பாக நினைக்காதீர்கள். அரைத்த மாவைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள், அதையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றதை ஒருத்தியும் நம்பவில்லை. பொன்னாயி, "அப்பறம் பொழுதன்னிக்கும் என்னதான் பண்ணுவாங்களாமா?" என்று கேட்டாள். நீங்கள் காலை ஏழு மணிக்குப் போய் ராத்திரி ஏழு மணிக்கு வருவதை எடுத்துச் சொன்னேன். பாவம் என்றாள். நானும் அப்போதுதான் யோசித்தேன். அசதியில் தட்டியிருக்கிறீர்கள். பசியோடு வருகிற மனுஷன் யோசிக்க மாட்டான். புறப்படும்போதே பையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ அவித்த கிழங்கோ போட்டுக்கொள்ளுங்கள். வீடு வந்து சேருகிற வரைக்கும் அது தாங்கும்.

பயறு வகை எதுவானாலும் முதல் நாளே ஊறப்போடச் சொல்லுங்கள், பாதி கேஸ் மிச்சம். இங்கே எங்களுக்கு விறகு மிச்சம்.

மாதம்மாள்


சேலம்
12.1.2025

மாதம்மாளுக்கு,

முதலில் ஒரு அதிசயத்தைச் சொல்கிறேன். டிசம்பர் முப்பத்தோராம் தேதி என் பையில் எண்ணூறு ரூபாய் இருந்தது. வங்கியில் போட்டது தனி. இது பையில் இருந்தது. யாரிடமோ வாங்கியதை மறந்துவிட்டேனோ என்று பயந்து ஆபீஸில் மூன்று பேரிடம் கேட்டேன். யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் மாதக் கடைசியில் பணத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. ரஞ்சிதாவிடம் காட்டினேன். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அந்த எட்டு நோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவளைப் பற்றி என்ன எழுதுவது? ஃபால்ஸில் ஆரம்பித்தவள் இப்போது ரவிக்கை தைக்கிறாள். உழவர் சந்தைக்குக் கடை கட்டும் நேரம் பார்த்துப் போய் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் காய் வாங்கி வருகிறாள். இதெல்லாம் எங்கே கற்றாய் என்றால், "நீங்க கேட்டதே இல்லையே" என்கிறாள். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

இனி எழுதப் போவது உனக்குப் பிடிக்காது. பொங்கலுக்கு வீடு துடைத்தபோது மேல் அலமாரியில் நீ வருடா வருடம் அனுப்பிய மிளகுப் பொட்டலங்கள் ஏழு அப்படியே இருந்தன. நாங்கள் கடையில் மிளகுத்தூள் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தோம். அதைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் போட்டேன். கிலோ அறுநூறு ரூபாய் கொடுத்தார்கள். எனக்கு மிளகு விலையே தெரியாது. தெரிந்ததும் கணக்குப் போட்டேன். நம் தோட்டத்தில் வருடத்துக்கு அறுபது கிலோ காயும் என்று அப்பா சொல்லுவார். ஒன்பது வருடம். மூன்று லட்சத்துக்கு மேல் வருகிறது மாதம்மா. ஒன்பது வருடமாக அதை முழுசாக அனுபவித்துக்கொண்டு, எனக்கு வருடம் ஒரு கிலோ பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டு, வேர்க்கடலை கொண்டுபோ என்று எனக்குப் புத்தி சொல்கிறாய். உன் அண்ணி இரவெல்லாம் தையல் மிஷினை மிதிக்கிறாள். மனசாட்சி என்று ஒன்று இருந்தால் பதில் எழுது.

பூபதி


அரியூர் நாடு
20.1.2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது.

தோட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் நேரில் வந்து கேளுங்கள். அப்பா போன பிறகு நீங்கள் இந்த மலைக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டீர்கள். ஜூன் வரைக்கும் கெடு சொன்னேன், அது அப்படியே இருக்கிறது.

அண்ணியை மிஷினில் குனிந்து தைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முட்டை பல்பு வெளிச்சம் போதாது, நல்ல விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். சில செலவைச் செய்துதான் ஆக வேண்டும்.

மாதம்மாள்


சேலம்
8.6.2025

மாதம்மாளுக்கு,

ஐந்து மாதமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. எழுத உட்காருவேன், முந்தைய கடிதத்தில் எழுதியது ஞாபகம் வரும், எழுந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அருள்மொழியின் கல்லூரியில் பணம் கட்டிவிட்டேன். முழுசாக. வட்டிக்கு வாங்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் ரசீதைக் கிழித்து நீட்டியபோது என்னால் உடனே வாங்க முடியவில்லை. அடுத்து நின்றவர், "நகருங்க சார்" என்றார். எங்கிருந்து வந்தது இவ்வளவும் என்று வழியெல்லாம் யோசித்தேன். லாட்டரி விழவில்லை, சம்பளம் உயரவில்லை. அதே வீடு, அதே ஆபீஸ். விளக்கை அணைத்தது, சோற்றைக் கட்டிக்கொண்டு போனது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொண்டது. இவ்வளவுதான் செய்தோம். இதற்குள் ஒரு வருடப் படிப்பு ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

ரமேஷ்குமாரிடம் விற்பதில்லை என்று சொல்லிவிட்டேன். உன் கையெழுத்து வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எழுதியதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும், அதைக் கடிதத்தில் கேட்பது சரியில்லை. நாயைக் கட்டி வை.

பூபதி


சேலம்
16.6.2025

மாதம்மா,

கேட்க நினைத்த மன்னிப்பை நேற்று உன் வீட்டில் கேட்கவில்லை. சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறீர்கள் என்று நீ எழுதினாய், நேற்றும் அப்படியே செய்தேன். ஓடி வந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள். எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும் வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்ததும் நீ சாப்பிடச் சொன்னாய். சாப்பிட்டு முடித்ததும் ஏணியைச் சாய்த்துப் பரணுக்கு ஏறச் சொன்னாய். ஏதோ பழைய பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மேலே பத்து மூட்டை. ஒவ்வொன்றிலும் கரியால் வருடம் எழுதியிருந்தது. 2016 முதல் இந்த வருடம் வரைக்கும். ஒன்றின் வாயைப் பிரித்தேன், மிளகு வாசம் மூக்கில் ஏறியது. கீழே நின்று நீ, "உங்க பங்குங்ணா. எண்ணிப் பாத்துக்கோங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

களத்தில் காய்ந்ததும் இரண்டாகப் பிரித்து, ஊரில் இல்லாதவன் பங்கை முதலில் அளந்து வைப்பது நம் நாட்டு வழக்கம். எனக்குத் தெரியாததா? அப்பா அவர் தம்பிக்கு அப்படி அளந்து வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். சேலத்தில் இருந்து இருந்து, கையில் கிடைத்ததை யாரும் விட மாட்டார்கள் என்று நினைக்கப் பழகிவிட்டேன். நீ அனுப்பிய பொட்டலம்கூட உன் பாதியிலிருந்து எடுத்தது என்று இப்போது புரிகிறது. அதைத்தான் விற்று, அந்த விலையை வைத்து உனக்குக் கணக்கு எழுதினேன்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது மாப்பிள்ளை இன்னொன்று சொன்னார். நாலு வருடத்துக்கு முன் அவர் மிளகு பறிக்க ஏறிய சவுக்கு மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்தாராமே. எனக்கு நீங்கள் சொல்லவே இல்லை. "ஒரு மூட்டைய வித்துப்போடலாம்னு நாந்தானுங்க மச்சான் சொன்னேன். பரணுக்கு ஏறுனா. கொஞ்ச நேரங் கழிச்சு வெறுங்கையோட எறங்கி வந்தா. அது அண்ணனுதுன்னு சொல்லிப்போட்டு, ரெண்டு ஆட்டையும் ஓட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டாளுங்க" என்றார்.

மாதம்மா, ஒரு வருடம் என் பணத்தை நான் வீணாக்காமல் இருந்ததற்கே என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன். நீ பத்து வருடம், தலைக்கு மேலேயே இருக்கிற பொருளைத் தொடாமல், பாதியில் குடும்பம் நடத்தியிருக்கிறாய். ரஞ்சிதாவிடம் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுதிருக்கிறாள்.

எனக்கு அந்த மூட்டைகள் வேண்டாம். விற்று உன் வீட்டுக் கூரையை மாற்று. தோட்டத்தில் என் பாதியையும் உன் பெயருக்கே எழுதித் தந்துவிடுகிறேன். ஒரு நாள் சொல், செம்மேட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணன்


அரியூர் நாடு
24.6.2025

அண்ணனுக்கு மாதம்மாள் எழுதியது.

உங்கள் கடிதத்தை இதுவரை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. எனக்குப் போதும்.

மிளகு இருப்பதை நீங்கள் முதலில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம் என்று உங்கள் மாப்பிள்ளை என்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மிளகைக் கேட்கவில்லை, தோட்டத்தை விற்கலாம் என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் மூன்று லட்சம் என்று எழுதினீர்கள், வீம்பு வந்துவிட்டது. வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். அண்ணி கஷ்டப்படுவது தெரிந்தும் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு. அதற்கு அவரிடம் நான் மன்னிப்பு கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் அந்தப் பணத்தைக் கட்டியது எனக்குப் பெரிய ஆச்சரியம் அண்ணா. நீங்கள் கட்டுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஜூனில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்று பயந்து, ராத்திரியில் கொடிகளைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மூட்டைகளில் ஐந்தை விற்கலாம். பழைய மிளகுக்கு வியாபாரி கொஞ்சம் குறைத்துத்தான் கேட்கிறார். அந்தப் பணம் அண்ணியின் சங்கிலிக்கு. இதில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. மீதி பிள்ளையின் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும். எங்கள் கூரை இன்னும் இரண்டு மழை தாங்கும்.

உங்கள் பாதியை எழுதித் தர வேண்டாம். தந்தால் நான் வாங்க மாட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சேலத்திலேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறீர்களா? இங்கே உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிற வரைக்கும்தான் நீங்கள் இங்கே வர வேண்டிய ஆள்.

வருடா வருடம் பங்குனி வெயிலில் அத்தனை மூட்டையையும் இறக்கி, பாறையில் கொட்டிக் காயவைத்து, மறுபடியும் மேலே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். பத்து வருடமாக உங்கள் மிளகை நான்தான் காயவைத்தேன். எனக்கு இடுப்பு போய்விட்டது. அடுத்த பங்குனிக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்து உங்கள் மிளகை நீங்களே காயவையுங்கள்.

மாதம்மாள்